நிறத்துக்கு அடியில்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மகளுக்கு,

நாக்பூரிலிருந்து நீ அனுப்பிய படம் கிடைத்தது. பருத்தி வயலின் வெடிப்பொன்றுக்குள் உன் கை முழங்கை வரை இறங்கியிருப்பதைக் கண்டு, உள்ளே பாம்பு இருந்தால் என்ன செய்வது என்று அம்மா பதறிவிட்டார். என் கண்ணோ அதன் கீழ் நீ எழுதியிருந்த வரியிலேயே நின்றுவிட்டது: "கோவில்பட்டியில் பார்த்த அதே கரிசல்." பல ஆண்டுகள் புவியியல் படிப்பித்தவன் என்ற உரிமையில், அந்த "அதே" என்ற சொல்லைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நீ கை விட்ட மண், ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் வழிந்து பரவிய எரிமலைக் குழம்பு இறுகிப் பசால்ட் பாறையாகி, அப்பாறை சிதைந்து உண்டானது. கோவில்பட்டிப் பக்கம் அந்தப் பசால்ட் கிடையாது. அங்கே நைஸ் போன்ற பழம்பாறைகள், மழை குறைந்த, நீர் வடியாத தாழ்நிலங்களில் சிதைந்து கருமண்ணாகின. இரண்டிலும் நீரை உறிஞ்சிப் பருத்து, காய்ந்ததும் சுருங்கிப் பிளக்கும் களி இருப்பதால் கைக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. நம் மன்னாரில் முருங்கன் மண்ணும் அவ்வாறானதே. ஒருமுறை மழை விட்ட கையோடு அந்த வயற்பாதையில் சைக்கிளில் போய், சில்லும் மட்காட்டும் களியால் இறுகிப்போக, பிரதான வீதி வரை அதைத் தோளில் சுமந்து வந்தேன். அன்று காற்சட்டையில் ஏறிய கறை பல சலவைக்கும் போகவில்லை.

செம்மண்ணிலும் இதே கவனம் வேண்டும். தென்னிந்தியச் செம்மண்ணிற் பெரும்பகுதி கருங்கல்லும் நைஸும் சிதைந்து வந்தது. இரும்பு ஒட்சைட்டினால் சிவந்தது. தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைந்தது. நம் யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணோ சுண்ணாம்புக்கல்லின் மேல் படுத்திருக்கிறது. உன் அப்பப்பாவின் வெங்காயப் பாத்திகளில் இறைத்த தண்ணீர் தேங்கி நின்றதை நான் கண்டதில்லை. இறங்கிய நீர் கல்லின் வெடிப்புகள் வழியே மீண்டும் நிலத்தடி நீரையே சேரும். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரியும் சிவப்புத்தான், ஆனால் அது காற்று குவித்த மணல். மூன்றுக்கும் ஒரே உரமும் ஒரே நீர்ப்பாய்ச்சலும் சொல்ல முடியுமா?

செம்பூரான்கல்லைப் பார்க்க நீ கேரளம் வரை போகவேண்டியதில்லை. பிரான்சிஸ் புக்கானன் மலபாரின் அங்காடிப்புறத்தில் கண்ட இந்தக் கல்லுக்கு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 1807 இல் லற்றரைற்று என்று பெயர் வைத்தார். சென்ற மாதம் ஹோமாகமையில் நண்பர் ஒருவரின் வளவில் கிணறு வெட்டியபோது அதையே பார்த்தேன். கபுக்கல் என்று நாம் சொல்லும் அது, குழிக்குள் கோடரிக்கு இணங்கிக் கட்டி கட்டியாக வெட்டுப்பட்டது. மேலே அடுக்கிக் காற்றுப்பட்டதும் நாளாக ஆக இறுகிவிட்டது. மாரி மழை சிலிக்காவையும் சுண்ணாம்பையும் கழுவிக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் எஞ்சிய மண் அது. மரமுந்திரிகை அதில் நன்றாக வரும். நெல்லுக்கு நிறைய எரு வேண்டும்.

கங்கைச் சமவெளி வண்டலைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் ராஜஸ்தான் போகும்போது இந்திரா காந்திக் கால்வாய்ப் பாசன நிலங்களைக் கட்டாயம் பார். மேலே வெறும் மணல்தான். அடியில் நீர் இறங்காத படை கிடந்த இடங்களில் பாய்ச்சிய தண்ணீர் தேங்கி, உப்பு மேலெழுந்து, நல்ல வயல்களே கெட்டுப்போயின. மேற்பரப்பின் நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்மானித்தால் உழவனின் பல வருட உழைப்பு வீணாகிவிடும் என்பதால்தான் உன்னிடம் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஆகவே உன் ஆய்வுக் குறிப்பேட்டில் நிறத்தை எழுதும் அதே வரியில் தாய்ப்பாறையையும் எழுது. அந்தப் பருத்தி வயலில் குழி வெட்டும்போது, சரிவின் மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாக வெட்டி, பாறை எத்தனை அடியில் தட்டுப்பட்டது, சுண்ணாம்புக் கட்டிகள் எந்த ஆழத்தில் தொடங்கின என்று அளந்து அடுத்த கடிதத்தில் எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா