காசிமேட்டில் கால் கழுவ ஓர் அறை: நன்கொடை வேண்டுகோள்

வணக்கம். 'இயேசுவுக்கே புகழ்' என்று தொடங்குவதா, 'ஸ்தோத்திரம்' என்று தொடங்குவதா என்று கமிட்டியிலேயே பேச்சு வந்தது. விட்டால் அன்றைய கூட்டம் அதிலேயே முடிந்துவிடும் என்பதால் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டோம். எங்களில் கத்தோலிக்கர் உண்டு, சி.எஸ்.ஐ. உண்டு, லுத்தரன் உண்டு, பெந்தெகொஸ்தே உண்டு. ஞானஸ்நானம் தெளிப்பா முழுக்கா, மாதா சுரூபம் வைக்கலாமா கூடாதா, அந்நிய பாஷை இன்றும் உண்டா இல்லையா, இதில் எதிலும் நாங்கள் ஒத்துப்போனதில்லை. இனியும் ஒத்துப்போவோம் என்று தோன்றவில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் கால் கழுவும் ஒரே பேசினைச் சுற்றி உட்காருகிறோம். அந்த வேலைக்குத்தான் இப்போது பணம் வேண்டியிருக்கிறது.

காசிமேடு துறைமுகத்திலும் மீன் சந்தையிலும் உழைப்பவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்களின் கால்களைக் கழுவி, புண் இருக்கிறதா என்று பார்த்து, மருந்து வைத்துக் கட்டி, தகுந்த செருப்பு கொடுக்கிறோம். அவ்வளவுதான் வேலை.

விடியுமுன்னே ஏலம் தொடங்கிவிடுகிற இடம் அது. ஐஸ் உருகிய தண்ணீரும் உப்பும் மீன் கழுவிய நீரும் கலந்த தரையில், கூடைக்காரப் பெண்கள் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். பாதி பேருக்குத் தேய்ந்த ரப்பர் செருப்பு, மீதிப் பேருக்கு அதுவும் இல்லை. சர்க்கரை பல வருடம் உடம்பில் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். இறால் கொம்பு ஏறினாலும் கெளுத்தி முள் குத்தினாலும் தெரியாது. மீன்பாடி வண்டி ஓட்டும் ஒரு பெரியவரின் பெருவிரலுக்கு அடியில் முள் உடைந்து உள்ளேயே தங்கியிருந்தது. சுற்றிலும் தோல் வெள்ளையாக ஊறி, அழுத்தினால் சீழ் வந்தது. "வலிக்கவே இல்லியே தம்பி, அப்புறம் இன்னா?" என்றார். வலி தெரியாமல் போனதுதான் வியாதியே என்று அவருக்குப் புரியவைக்க எங்கள் நர்ஸ் அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் நம் மண்ணில் பிறந்தவர். டாக்டர் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தார். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை சிகிச்சை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் குறைந்துபோவது நோய் சதையைத் தின்பதால் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். மரத்துப்போன கைகால்களில் தெரியாமல் படுகிற காயமும் சூடும்தான் முக்கியக் காரணம் என்று அவர் காட்டினார். பின்னால் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் இருந்தபோது, அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் கொண்டுபோனார். தொழுநோயாளிகளுக்கென்று வந்த மெத்தென்ற எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பைத்தான் இன்று நாங்களும் கொடுக்கிறோம். அவர் எந்தச் சபை என்று கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை.

பெரிய வியாழன் அன்று கோயிலில் காலில் நாலு சொட்டுத் தண்ணீர் ஊற்றித் துடைப்பது மாதிரி இல்லை இது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சூட்டை அவர்கள் காலால் பார்க்கக் கூடாது, நாங்கள் முழங்கையை விட்டுப் பார்ப்போம். ரொம்ப நேரம் ஊறவைக்கக் கூடாது. விரலிடுக்கை ஈரம் போகத் துடைக்க வேண்டும். வெடிப்புக்கு எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் தடவக் கூடாது. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையை உள்ளங்காலில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்போம். ஆணிக்கால்மேல் பிளேடு வைக்க எங்கள் ஆட்களுக்கு அனுமதி கிடையாது. புண் ஆழமாக இருந்தால், பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லிக்கு ஒருவர் கூடவே போய் ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்பார்.

கால் நீட்டவைப்பதுதான் பெரும்பாடு. "வேணாம் கண்ணு, கவிச்சி அடிக்கும்" என்று ஆயாக்கள் புடவையை இழுத்துக் காலை மூடிக்கொள்வார்கள். ராயபுரத்தில் படகோட்டிகள் கோயில் கட்டி வணங்கிய ராயப்பரும், அதாவது பேதுருவும், இப்படித்தான், என் காலை நீர் ஒருபோதும் கழுவக் கூடாது என்று ஆண்டவரிடமே மறுத்தவர். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய அந்தக் கடைசி இராப்போஜனத்தில்தான் அவர்களுக்குள் யார் பெரியவன் என்று வாக்குவாதம் எழுந்ததாக லூக்கா எழுதுகிறார். வாதாடியவர்களின் கால்களைத்தான் இயேசு கழுவினார். எங்கள் கமிட்டி கூட்டங்களை நினைத்தால் இதில் கொஞ்சம் ஆறுதல் இருக்கிறது.

விதிகள் சில உண்டு. கழுவும் இடத்தில் கைப்பிரதி, பிரசங்கம், ஜெபத்துக்கு அழைப்பு எதுவும் கிடையாது. யார் என்ன மதம் என்று கேட்பதில்லை. தங்கள் சபையின் பெயரைப் பலகையில் போட்டால் மொத்தச் செலவையும் ஏற்பதாக ஓரிடத்திலிருந்து சொன்னார்கள். நன்றி சொல்லி மறுத்துவிட்டோம். அந்தப் பணத்தை வாங்கியிருந்தால் அடுத்த வாரமே மற்ற சபைக்காரர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

இதுவரை ஒரு கோயில் தாழ்வாரத்தில் செய்துவந்தோம். மழை வந்தால் நிறுத்தவேண்டியிருக்கிறது. வேறு மதத்தவர் சிலருக்கு உள்ளே வரத் தயக்கமும் இருக்கிறது. அதனால் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடையறையை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். அட்வான்ஸ் 75,000 ரூபாய். குழாய், வழுக்காத சாய்வுத் தரை, வடிகால், உட்காரும் திண்ணை எல்லாம் சேர்த்துக் கொத்தனார் சொன்ன தொகை 1,10,000. கையில் 62,000 இருக்கிறது. இன்னும் 1,23,000 வேண்டும். இது போக, ஒரு ஜோடி செருப்புக்கு 700 ரூபாய் ஆகிறது. அதை மாதாமாதம் யாராவது ஏற்றுக்கொண்டால் பெரிய உதவி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வருமானம் குறையும். ஆனால் காலைக் காட்ட நேரம் கிடைப்பதும், புண் ஈரமில்லாமல் ஆறுவதும் அப்போதுதான். அதற்குள் அறை தயாராக வேண்டும்.

100 ரூபாய் கொடுத்தாலும் கமிட்டி உறுப்பினரிடம் கேட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு அறைக் கதவிலேயே ஒட்டப்படும். பழைய துணியும் பிரித்த மருந்தும் வேண்டாம். காஸ் துணி, சலைன் பாட்டில், முனை கூராக இல்லாத நகவெட்டி தாராளமாகத் தரலாம். பணம் தர முடியாதவர்கள் சனிக்கிழமை காலை வாருங்கள், நர்ஸ் அம்மா கற்றுத்தருவார். வரும்போது வீட்டில் குட்டை ஸ்டூல் இருந்தால் எடுத்துவாருங்கள், எங்களிடம் போதவில்லை.