விலை சொல்லாத விளம்பரங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணைய விளம்பரத்துக்குச் செலவழித்தும் விற்பனை கூடவில்லை என வருந்தும் சிறு வணிகர்கள், வாங்க வருபவர் எந்த இடத்தில் தயங்கி நிற்கிறார் என்பதைக் கவனிப்பதில்லை. மதுரையில், துணியில் முடிச்சிட்டுச் சாயமேற்றும் சுங்குடிச் சேலை விற்கும் நானும், ‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்’ என்று எழுதிவந்த நாள்களில், விலையைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அத்தோடு மறைந்துபோனார்கள். நான் விலையை வெளியிடாததற்குப் போட்டிக் கடைக்காரருக்கு அது தெரிந்துவிடும் என்ற பயம்தான் காரணம். அவரோ வாடிக்கையாளரைப்போலக் கேட்டு முன்பே தெரிந்துகொண்டிருந்தார்.

சாயம் போகுமா, கையால் முடிச்சிட்டதா அச்சடித்ததா என்பவையே பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை என்பதால், இப்போது வாட்ஸ்அப் பிசினஸ் பட்டியலில் விலையோடு, முடிச்சு அவிழ்க்காத துணியின் காணொளியையும் இடுகிறேன். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற இச்சேலைக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் தேவைப்படவில்லை. மாவட்டத் தொழில் மையங்களின் பயிற்சிகளில், இத்தகைய கேள்விகளைக் குறித்துவைக்கவும் கற்றுத்தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சேலை வணிகர் ஒருவர்,
மதுரை