ஈறை அளக்கும் கருவிக்குக் கருவைக் காக்கும் சட்டமா?

குமரி மாவட்டத்தில் ஸ்கேன் கருவிகளுக்குப் பதிவு வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் ஈறு சிகிச்சை செய்துவரும் பல் மருத்துவர் நான். ஈறின் தடிமனை அளக்கும் சின்ன அல்ட்ராசவுண்ட் கருவி வாங்கப் பதிவு வேண்டுமா என்று உங்களிடம் கேட்பது ஒரு விளக்கக் கடிதம்தான்.

பல்லுக்குக் கம்பி போடுமுன் ஈறின் தடிமன் பார்க்க வேண்டும். 1 மில்லிமீட்டருக்கு மேல் இல்லாவிட்டால் மெல்லிய ஈறு என்போம். அந்த ஈறோடு பல்லை வெளிப்பக்கமாக நகர்த்தினால் ஈறு இறங்கி வேர் தெரியும் ஆபத்து கூடுதல்; அப்புறம் சர்பத் குடித்தாலும் கூசும். செயற்கைப் பல்லுக்காக எலும்பில் பதிக்கும் உலோக வேரான இம்பிளாண்ட் வைத்தாலோ, உள்ளிருக்கும் உலோகத்தின் சாம்பல் நிறம் வெளியே தெரியலாம்.

இதை இன்று எப்படி அளக்கிறோம்? ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய உலோகக் குச்சியை விட்டு, அது ஈறு வழியே நிழலாடுகிறதா என்று பார்ப்போம். செலவில்லாத வழி, ஆனால் எண் கிடைக்காது. எண் வேண்டுமென்றால் மரத்துப்போக ஊசி போட்டு, ரப்பர் வளையம் மாட்டிய ஃபைல் என்னும் ஊசி போன்ற கருவியை ஈறில் குத்தி, அடியில் கெட்டியாகத் தட்டும் இடம்வரை இறக்கி, வளையம் நின்ற தூரத்தை ஸ்கேலில் வைத்துப் பார்க்க வேண்டும். போட்ட மருந்தே ஈறைக் கொஞ்சம் ஊத வைத்துவிடும். கம்பி போட வரும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஒவ்வொரு முன்பல்லிலும் இப்படிக் குத்த எனக்கு மனம் வருவதில்லை.

அல்ட்ராசவுண்டில் குத்தல் இல்லை. கொஞ்சம் ஜெல்லி தடவி, ஒலியை அனுப்பி வாங்கும் முனையான சின்ன புரோபை ஈறின் மேல் வைத்தால் போதும். ஒலி உள்ளே போய் வேரிலோ எலும்பிலோ பட்டுத் திரும்பும் நேரத்தைக் கருவி கணக்கிடும். திசுவுக்குள் ஒலி விநாடிக்குச் சுமார் 1540 மீட்டர் ஓடும். 1 மில்லிமீட்டர் ஈறில் போய்வர ஒன்றேகால் மைக்ரோ விநாடிக்குச் சற்று மேல். கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் புரோப் சரியாக உட்காராது என்பதும் உண்மை. 1990களிலேயே ஜெர்மனியில் ஆராய்ந்த முறை இது, நேற்று வந்ததல்ல.

இனி சட்டத்துக்கு வருகிறேன். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் தேவையானது. அதைத் தளர்த்தச் சொல்லவில்லை. கருவின் பாலினத்தைக் காட்டக்கூடிய கருவியைப் பதிவு இல்லாதவருக்கு விற்கக்கூடாது என்கிறது அது. ஆனால் 20 மெகாஹெர்ட்ஸ் ஈறு புரோப் ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் பார்க்காது. அதிர்வெண் கூடக் கூட ஆழம் குறையும். வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் தாண்டவே அது திணறும். அதே சமயம், புரோபை மாற்றினால் கர்ப்பத்தையும் பார்க்கக்கூடிய பொது ஸ்கேன் கருவியைப் பல் மருத்துவர் வாங்கினால் பதிவு கேட்பதுதான் நியாயம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. இன்னொரு சிக்கலும் உண்டு: அந்த விதிகள் எம்பிபிஎஸ் படித்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பிடிஎஸ் படித்த நாங்கள் படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

ஈறு மட்டும் பார்க்கும் கருவிக்குப் பதிவு வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமென்றால் எந்தப் படிவம், என்ன தகுதி? மாநில அலுவலகத்தைக் கேட்டாவது எழுத்தில் சொல்லுங்கள். விற்பவர்கள் வாய்வார்த்தையை ஏற்க மாட்டார்கள். குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கும் மாவட்டம் இது. பதிலின் நகல் ஒன்றை அங்கேயும் அனுப்பிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர்