துவர்ப்பைப் பார்த்து வை

மாப்ளே,

கடிதம் கிடைத்தது. தர்மபுரியில் மழை பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே கிருஷ்ணகிரியில் மாங்காய் இறக்கி முடிந்துவிட்டது.

அந்த ஆறு பாட்டில் சிவப்பு வைனுக்கு வருகிறேன். பாதிக்கு மேல் கேபர்னே சாவிஞான் திராட்சை, மீதி மெர்லோ, கொஞ்சம் பெட்டி வெர்டோ என்ற வகைகள். பத்து வருஷம் தாங்குமா என்கிறாய். அதை லேபிள் சொல்லாது, உன் ஈறுதான் சொல்லும். ஒன்றைத் திற.

திறக்குமுன் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வை. 17, 18 டிகிரிக்கு வரட்டும். நம் வீட்டுச் சூட்டில் குடித்தால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். 60 மில்லி ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு மேல் கிளாஸைச் சாய்த்துப் பார். விளிம்பு வரை ஊதா ஓடினால் இளசு, விளிம்பு செங்கல் நிறமானால் வயதேறிவிட்டது. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் கார்க் கெட்டது. எவ்வளவு காற்றாட விட்டாலும் அது போகாது, கடையில் திருப்பிக் கொடு.

ஒரு வாய் எடுத்து ஈறெல்லாம் படும்படி சுழற்று. நாவல் பழம் தின்ற மாதிரி துவர்ப்பு பிடித்து, மெதுவாக விட வேண்டும். மாங்கொட்டைப் பருப்பைக் கடித்தது போல் கசந்து சொரசொரத்தால், விதை முற்றாத திராட்சை. அது வருஷம் போனாலும் திருந்தாது. நல்ல துவர்ப்பு திருந்தும்: துவர்ப்பைத் தரும் டானின் நிறப்பொருளோடு சேர்ந்து பெரிதாகி, ஒரு பங்கு வண்டலாக அடியில் தங்கிவிடும். விழுங்கியபின் நாக்கோரம் எச்சில் ஊறினால் புளிப்பும் போதுமானது. ஆனால் பழச்சுவை கண்டிப்பாக வேண்டும். பழம் மெலிந்து துவர்ப்பு மட்டும் தடித்திருந்தால், துவர்ப்பு அடங்குவதற்குள் பழம் செத்துவிடும். மட்டன் சுக்காவோடு இந்தச் சோதனையைச் செய்யாதே. கறியின் புரதம் துவர்ப்பை அடக்கிக் காட்டும், மிளகாய் ஆல்கஹாலைத் தூக்கிக் காட்டும். இரண்டும் பொய்க்கணக்கு.

பாதியைக் கார்க் போட்டு மூடி, குளிர்ந்த இடத்தில் வைத்து மறுநாள் ருசி. வாசம் இன்னும் விரிந்து பழம் தெரிந்தால் மற்ற ஐந்தை வைக்கலாம். தட்டையாகிப் போனால் இரண்டு வருஷத்துக்குள் குடித்துத் தீர்த்துவிடு.

வைப்பதென்றால் இடம்தான் பெரும்பாடு. 12 முதல் 15 டிகிரி, ஏற்ற இறக்கமில்லாமல், இருட்டில், கார்க் நனையும்படி படுக்கவைத்து. சித்திரை வெயிலில் அலமாரியில் இருந்த பாட்டிலின் கார்க் மேலே தள்ளியிருக்கும், உள்ளே பழம் கொதித்த ஜாம் வாசம் அடிக்கும். சாதா ஃபிரிட்ஜும் கூடாது: 4 டிகிரியில் வைன் முதிர்வதே மந்தமாகிவிடும், உலர்ந்த காற்றில் மாதக்கணக்கில் கார்க் சுருங்கும். வைன் ஃபிரிட்ஜ் வாங்கு. கரண்ட் போனால் கதவைத் திறக்காதே, சில மணி நேரம் குளிர் நிற்கும். அது முடியாதென்றால் பத்து வருஷக் கணக்கையே விட்டுவிடு.

இப்போது குடிப்பதை வாயகன்ற கண்ணாடி ஜாடியில் ஊற்றி இரண்டு மணி நேரம் காற்றாட விடு. முதிர்ந்ததற்கு அந்த முறை சரிப்படாது. முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, கழுத்துக்குப் பின்னால் டார்ச் பிடித்து நிதானமாக வடி. வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்து. கடைசி இரண்டு விரற்கடை போகட்டும்.

அந்த இரண்டாம் நாள் ருசியை மட்டும் மறக்காமல் எழுது.