பேஸ் வாசித்தது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஜாஸ் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். தமிழில் ஜாஸ் பற்றி யார் எழுதினாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஆர்கன் என்னும் கட்டை வாத்தியத்தை வாசித்த ஜிம்மி ஸ்மித்தின் 'பேக் அட் தி சிக்கன் ஷேக்' இசைத்தட்டைச் சொல்லும் இடத்தில், கலைஞர்கள் பெயரையெல்லாம் வரிசையாகக் கொடுத்துவிட்டு, பேஸ், அதாவது பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த கீழ்ச்சுரங்கள், வாசித்தவர் யாரென்று தெரியவில்லை என எழுதியிருக்கிறீர்கள். தெரியாதுதான், ஏனென்றால் அப்படி ஒருவர் அன்று வரவே இல்லை.

1960 ஏப்ரல் 25-ஆம் தேதி நியூ ஜெர்சியில், ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவானது அது. சாக்ஸபோன் ஸ்டான்லி டரன்டைன், கிடார் கென்னி பரல், டிரம்ஸ் டொனால்ட் பெய்லி, ஆர்கன் ஸ்மித். அவ்வளவுதான் ஆள். பேஸும் ஸ்மித்தே. வலது கை பாட்டை வாசிக்கும். இடது கை கீழ்வரிசைக் கட்டைகளில் பேஸைக் கொண்டுபோகும். இடது கால் பெடலைத் தட்டித் தட்டி அந்த பேஸுக்கு ஓர் உதை கொடுக்கும். வலது காலுக்கும் ஓய்வு கிடையாது, சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை.

நாடகக் கொட்டகைகளில் கால் ஹார்மோனியம் பார்த்து வளர்ந்தவன் நான். காலால் மிதித்தால் காற்றடிக்கத்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஸ்மித் வாசித்தது மின்சாரத்தில் ஓடும் ஹேமண்ட் ஆர்கன், அதில் துருத்தியே இல்லை. மோட்டாரில் சுழலும் 91 பல்சக்கரங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும், அதிலிருந்துதான் சுரம் பிறக்கிறது. 1935-இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த லாரன்ஸ் ஹேமண்ட், தேவாலயங்கள் வாங்கும் என்று கணக்குப் போட்டார். கட்டையை அழுத்தும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். கம்பெனிக்கு அது கோளாறு. ஜாஸ்காரர்களுக்கோ அதுதான் தாளத்தின் முனை, அது இல்லாவிட்டால் ஆர்கன் ஓசை குழைந்து போயிருக்கும்.

ஸ்மித் முதலில் பியானோக்காரர். ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கிடங்கில் ஆர்கனைப் போட்டுக்கொண்டு, பெடல்களின் படத்தை வரைந்து சுவரில் மாட்டி, குனிந்து பார்க்காமலேயே கால் பழகும்வரை சாதகம் செய்தாராம். 1956-இல் ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்கு அவர் வாசித்த முதல் தட்டுகளிலேயே அந்தக் கால் பழக்கம் கேட்கும். கிளப் முதலாளிகளுக்கும் இது வசதி: ஆர்கன், கிடார், டிரம்ஸ் என்று மூன்று பேருக்குச் சம்பளம் கொடுத்தால் நாலு பேர் சத்தம். ஆனால் ஆர்கன் பெட்டி நானூறு பவுண்டு கனம். பேஸ்காரருக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்தது சுமைகூலிக்குப் போயிருக்கும் என்பது என் ஊகம்.

சரி, இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், பேஸ் யார் கையில் என்று தெரிந்து கேட்டால் பாட்டே வேறாகக் கேட்கும். 'தி செர்மன்' என்று ஸ்மித்தின் இருபது நிமிட ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகை) ஒன்று உண்டு, டிரம்ஸ் ஆர்ட் பிளேக்கி. லீ மார்கன் ட்ரம்பெட் ஊதும்போது ஸ்மித்தின் வலது கையை விட்டுவிட்டு இடது கையை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். நடை மாறாது, அவசரமும் இல்லை. மேலே எத்தனை பேர் வந்து போனாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

கட்டுரையில் இன்னோர் ஆர்கன்காரரான லாரி யங் பெயரே இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம். 1965 நவம்பரில் அவர் பதிவு செய்த 'யூனிட்டி' இசைத்தட்டில் கிடாரும் கிடையாது. இருபது வயது உடி ஷா ட்ரம்பெட், ஜோ ஹெண்டர்சன் சாக்ஸபோன், எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ். அதில் 'மங்க்ஸ் ட்ரீம்' என்ற பாட்டில் ட்ரம்பெட், சாக்ஸபோன் இரண்டும் ஒதுங்கிக்கொள்ள, யங்கும் ஜோன்ஸும் மட்டும் வாசிக்கிறார்கள். டிரம்ஸைத் தவிர உங்கள் காதில் விழுவதெல்லாம் ஒரே ஆள். ஆர்கன் என்றால் ப்ளூஸும் தேவாலயமும்தான் என்று கட்டுரையாளர் முடிவுகட்டியிருக்கிறார். இதை ஒருமுறை கேட்டிருந்தால் அந்தப் பத்தியை அடித்திருப்பார். எனக்கு ஸ்மித்தைவிட யங்கைத்தான் பிடிக்கும். வீட்டில் மற்றவர்களுக்கு இருவரையுமே பிடிக்காது, அது வேறு கதை.

அப்புறம் ஒரு சின்னத் திருத்தம். நீங்கள் லானி லிஸ்டன் ஸ்மித் என்று பெயர் போட்டு வெளியிட்ட படத்தில் தலைப்பாகையோடு இருப்பவர் டாக்டர் லானி ஸ்மித். 2021-இல் காலமானவர், ஆர்கன்காரர். லானி லிஸ்டன் ஸ்மித் பியானோவும் மின்பியானோவும் வாசித்தவர், சாக்ஸபோன்காரர் ஃபேரோ சாண்டர்ஸின் குழுவில் இருந்தவர். போதாக்குறைக்கு ஜானி 'ஹேமண்ட்' ஸ்மித் என்று இன்னோர் ஆர்கன்காரரும் உண்டு. திருத்தம் போடும்போது அவர் படத்தைப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
மதுரை