அது ஃபிலடெல்ஃபியா இல்ல சார், சாக்லேட் ஊரு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க விளையாட்டுப் பக்கத்துல ஒரு கட்டுரை வந்துச்சு, டீம் பேர்ல கம்பெனியைக் கொண்டுவந்து ஒட்டுறதெல்லாம் இந்த டிவி காலத்து வியாதி, அந்தக் காலத்துல விளையாட்டு வெறும் விளையாட்டா இருந்துச்சுன்னு. அதுக்குப் பக்கத்துலயே ஒரு பெட்டிச் செய்தி, வில்ட் சேம்பர்லின் ஒரே பாஸ்கெட்பால் மேட்ச்ல 100 பாயின்ட் எடுத்ததைப் பத்தி, ஃபிலடெல்ஃபியாவுல நடந்ததா போட்டிருந்தீங்க. ரெண்டுமே தப்பு சார். வேடிக்கை என்னன்னா ரெண்டு தப்புக்கும் பதில் ஒரே கட்டடத்துல இருக்கு, அதனாலதான் உக்காந்து எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், வெட்டணும்னா வெட்டிக்கோங்க, வருஷத்துல மட்டும் கை வைக்காதீங்க.

நான் இருக்கிறது பென்சில்வேனியாவுல, ஹெர்ஷி ஊருக்கு அரை மணி நேரம் கார்ல. ஆமா, அந்த ஹெர்ஷி சாக்லேட்டேதான், ஊருக்கும் அதே பேர். மெயின் ரோட்டுக்கு சாக்லேட் அவென்யூன்னு பேரு, தெருவிளக்கெல்லாம் கிஸ்ஸஸ் மிட்டாய் மாதிரி கூம்பா இருக்கும், சில விளக்கு வெள்ளிப் பேப்பர் சுத்தின மாதிரி, சிலது பேப்பர் உரிச்ச மாதிரி. இந்த ஊர்ல ஒரு ஐஸ் ஹாக்கி டீம் இருக்கு, ஹெர்ஷி பியர்ஸ். அமெரிக்கன் ஹாக்கி லீக்ல ஆடுற டீம், அதாவது என்.எச்.எல்-லுக்கு (அமெரிக்கா, கனடா டீமுங்க ஆடுற உச்ச ஹாக்கி லீக்) ஒரு படி கீழ. மைனர் லீக்னு சொன்னதும் ஏதோ ரெண்டாந்தர சமாச்சாரம்னு தள்ளிடாதீங்க, இதோட பொறப்புக் கதை பெரிய டீமுங்க கதையை விட ருசியா இருக்கும்.

மில்டன் ஹெர்ஷி மிட்டாய் வியாபாரத்துல ஃபிலடெல்ஃபியாவுல தோத்து, நியூயார்க்ல தோத்து, கடைசில லங்காஸ்டர்ல கேரமல் போட்டு நிமிர்ந்தவர். 1900-ல அந்த கேரமல் கம்பெனியை 10 லட்சம் டாலருக்கு வித்துட்டு, தான் பொறந்த பக்கத்துக்கே திரும்பி வந்து பால் பண்ணைகளுக்கு நடுவுல சாக்லேட் ஃபேக்டரி கட்டினாரு. ஃபேக்டரியோட நிக்கல, வீடு, பேங்க், டிராம் வண்டி, பார்க், அநாதைப் பசங்களுக்கு ஸ்கூல்னு ஊரையே கட்டினாரு. 30-கள்ல அமெரிக்காவே வேலை இல்லாம தெருவுல நின்ன நேரத்துல இவர் ஹோட்டல், தியேட்டர், கம்யூனிட்டி பில்டிங்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு எழுப்பிட்டே இருந்தாரு. ஹோட்டல் வேலை நடக்கும்போது ஒரு மேஸ்திரி, இந்த மெஷின் 40 பேர் வேலையைச் செய்யுதுங்கன்னு பெருமையா சொன்னாராம், அப்போ மெஷினைத் தூக்கிட்டு 40 பேரை வைன்னாராம் இவர். இது நடந்துச்சோ இல்லையோ, ஊர்ல இன்னிக்கும் சொல்ற கதை.

ஹாக்கி இந்த ஊருக்கு வந்தது 1931-ல. ஏற்கனவே இருந்த கன்வென்ஷன் ஹாலுக்குள்ள ஐஸ் போட்டு ஐஸ் பேலஸ்னு பேர் வெச்சாங்க. அந்த பிப்ரவரில வெளியூர் டீமுங்க ரெண்டு வந்து ஒரு மேட்ச் ஆடிச்சு, ஜனங்க பார்த்தாங்க, பிடிச்சுப்போச்சு. 1932-லயே ஊருக்குன்னு சொந்தமா டீம் வந்துடுச்சு, அடுத்த வருஷம் ஈஸ்டர்ன் அமெச்சூர் ஹாக்கி லீக் ஆரம்பிச்சப்போ அதுலயும் சேர்ந்துட்டாங்க.

இப்போ உங்க கட்டுரை விஷயத்துக்கு வர்றேன். அந்த டீமுக்கு 1933-ல வெச்ச பேர் என்ன தெரியுமா சார், ஹெர்ஷி சாக்லேட் பார்ஸ்! கம்பெனி பேரு, சரக்கு பேரு எல்லாம் ஒரே வரில. அப்புறம் சாக்லேட்டை எடுத்துட்டு வெறும் ஹெர்ஷி பார்ஸ்னு சுருக்கினாங்க, அதையும் நேரா எழுதாம நடுவுல ஒரு மேற்கோள் குறி போட்டு B'ars-னு எழுதினாங்க, ஏன்னா அமெரிக்க மலைக்காட்டு ஜனங்க பேச்சுல கரடியை பியர்னு சொல்லாம பார்னுதான் இழுப்பாங்க. கரடின்னு எடுத்தா கரடி, சாக்லேட்னு எடுத்தா சாக்லேட். நம்மூர் சிலேடைக்காரங்க கேட்டா கை தட்டியிருப்பாங்க. நியூயார்க்ல இருந்தவங்க தட்டல. இது விளையாட்டு டீமா இல்ல விளம்பரப் பலகையான்னு அங்க கடுப்பாகி, பேர் ரொம்ப கமர்ஷியலா இருக்குன்னு விமர்சனம் கிளம்பி, 1936-ல பார்ஸ் போய் பியர்ஸ் ஆச்சு. ஒரு எழுத்து விளையாட்டுல சாக்லேட் காணாமப் போய் கரடி மட்டும் மிஞ்சுச்சு (ஊர் பேர்லயே சாக்லேட் இருக்கிறப்போ அது எங்க காணாமப் போறது, அது வேற விஷயம்). ஆக நீங்க இப்போ புலம்புற புலம்பலை 1936-லயே புலம்பி முடிச்சுட்டாங்க.

அதே 1936-ல நடந்த இன்னொண்ணுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஐஸ் பேலஸ்ல சுமார் 2,000 பேருக்குத்தான் இடம், கூட்டம் தாங்கல. சரின்னு ஹெர்ஷி புதுசா ஒரு அரீனா கட்டச் சொன்னாரு, 7,000 பேருக்கு மேல உக்கார்ற மாதிரி, ஊர் ஜனத்தொகையே அவ்வளவு கிடையாது அப்போ! கட்டினது ஆன்டன் டெடெஸ்கோங்கற இன்ஜினியர். ஜெர்மனில உருவான மெல்லிய கான்கிரீட் ஓடு டெக்னிக்கை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த ஆளு, அந்த நாட்டுல இவ்வளவு பெரிய அளவுல அதை செஞ்சது இதுதான் முதல் தடவை. வேலை பார்த்தது பெரும்பாலும் உள்ளூர் ஆளுங்க. ஓட்டோட கனம் எவ்வளவுன்னு நினைக்கிறீங்க, மூணரை இஞ்ச். நம்ம வீட்டு மொட்டை மாடி கான்கிரீட்டே அஞ்சு இஞ்ச் இருக்கும். அந்த மூணரை இஞ்ச் தகடு 220 அடிக்கு மேல அகலத்தை நடுவுல ஒரு தூண் கூட இல்லாம தாண்டி நிக்குது. முழுசுக்கும் ஒரே நேரத்துல சாரம் கட்டல, ஒரு பகுதிக்கு கட்டி, கான்கிரீட் இறுகினதும் சாரத்தை அப்படியே இறக்கி நகர்த்தி அடுத்த பகுதிக்குக் கொண்டுபோனாங்க.

நான் முதல் தடவை உள்ள போனது மூணு வருஷம் முன்னாடி, பையனை ஸ்கேட்டிங் கூட்டிட்டுப் போனப்போ. அவன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஐஸ்ல வழுக்கிட்டு இருந்தான், நான் மேல் வரிசைல போய் உக்காந்து அண்ணாந்து பார்த்தேன். கவுத்து வெச்ச படகோட உள்பக்கம் மாதிரி இருந்துச்சு. எந்த சீட்ல உக்காந்தாலும் ஐஸ் முழுசா தெரியுது, கழுத்தை வளைச்சு எட்டிப் பார்க்குற வேலையே இல்ல. கீழ எவனோ பக்கை (ஹாக்கி ஆடுற ரப்பர் வட்டு) பலகைல அடிச்சான், அந்த சத்தம் வளைவுல ஏறி எனக்குப் பின்னாடி இருந்து வந்துச்சு, சத்தியமா திரும்பிப் பார்த்தேன். 7,000 பேர் கத்தினா எப்படி இருந்திருக்கும்னு நினைச்சப்போ புல்லரிச்சுது.

இந்தக் கூரையைப் பத்தி ஏன் இவ்வளவு நீட்டுறேன்னா, இந்த டீம் பெரிய லீக்குக்குப் போனதே ஒரு கூரை விழுந்த கதையோடதான் சேர்ந்திருக்கு. அந்தப் பெரிய லீக்ல பஃபலோ பைசன்ஸ்னு ஒரு டீம் ஆடிச்சு, ஆத்துக்கு அந்தப் பக்கம் கனடாவுல ஃபோர்ட் எரில இருந்த அரீனாதான் அவங்க மைதானம். 1936 மார்ச்ல பனிப்புயல்ல பனி சேர்ந்து சேர்ந்து கூரை தாங்காம இடிஞ்சு விழுந்துடுச்சு. அதுக்கப்புறம் நயாகரா ஃபால்ஸ் பக்கம் போய் ஒட்டிக்கிட்டு ஆடிப் பார்த்தாங்க, முடியல, டிசம்பர் ஆரம்பத்துல டீமையே மூடிட்டாங்க. அதே டிசம்பர் 19-ம் தேதி ஹெர்ஷில புது அரீனாவுல முதல் மேட்ச், எதிர்ல நியூயார்க் ரோவர்ஸ். ரெண்டு வாரம் கூட இல்ல சார் நடுவுல! இங்க ஒருத்தன் கூரை இல்லாம சாகுறான், அங்க ஒருத்தன் கூரை போட்டு விளக்கேத்துறான். அப்புறம் 1938 ஜூன்ல நியூயார்க்ல ரெண்டு லீக் ஒண்ணா சேர்ந்து இன்டர்நேஷனல் அமெரிக்கன் ஹாக்கி லீக்னு முறைப்படி ஆனப்போ, பஃபலோ விட்டுட்டுப் போன காலி இடத்துக்கு எட்டாவது டீமா ஹெர்ஷியைச் சேர்த்தாங்க. அமெச்சூர் லீக்ல சாம்பியனா இருந்த டீம்தான், சிபாரிசுல போகல. ஆனா அந்த அரீனா மட்டும் இல்லாம இருந்திருந்தா, கிளீவ்லேண்ட், பிட்ஸ்பர்க் மாதிரி பெரிய நகரங்க ஆடுற லீக்ல இத்துணூண்டு ஊரை யாரு சேர்த்திருப்பா? 1940-ல லீக் பேர் அமெரிக்கன் ஹாக்கி லீக்னு மாறுச்சு, அதுதான் இன்னிக்கு வரைக்கும்.

நான் என்னமோ அந்த முதலாளிக்கு ஜால்ரா அடிக்கிறேன்னு நினைச்சுடக் கூடாது. அரீனா திறந்து நாலு மாசம் கூட ஆகல, 1937 ஏப்ரல்ல அதே ஃபேக்டரில தொழிலாளிங்க உள்ளேயே உக்காந்து ஸ்ட்ரைக் பண்ணாங்க. ஊருக்கே சோறு போடுறவருக்கு எதிரா ஸ்ட்ரைக்கான்னு ஒரு கூட்டம் கொதிச்சுது, பால் வாங்க ஆள் இல்லாம பால் பண்ணைக்காரங்களும் சேர்ந்துக்கிட்டாங்க, எல்லாரும் ஃபேக்டரிக்குள்ள புகுந்து ஸ்ட்ரைக் பண்ணவங்களை அடிச்சு வெளிய தள்ளினாங்க, ரத்தக்களறி. டீம் வரலாறு எழுதுறவங்க பல பேர் இதைத் தொடறதில்ல. எனக்கு என்னமோ ரெண்டும் ஒரே கதைன்னுதான் படுது, வீடும் அவர் குடுத்தது, வேலையும் அவர் குடுத்தது, சனிக்கிழமை ராத்திரி பார்க்குற ஹாக்கியும் அவர் குடுத்ததுன்னா எதிர்த்துப் பேச ஒரு மூலை கூட இல்லாத ஊராத்தானே இருந்திருக்கும்.

ஆட்டத்துல எப்படின்னா, உடனே எல்லாம் கோப்பை வந்துடல. 1942-ல கால்டர் கப் (அந்த லீக்கோட சாம்பியன் கோப்பை) ஃபைனல் வரைக்கும் போய் இண்டியானாபொலிஸ் கிட்ட தோத்தாங்க, 1945-ல கிளீவ்லேண்ட் கிட்ட. அந்த வருஷம் அக்டோபர்லதான் மில்டன் ஹெர்ஷி 88 வயசுல இறந்துபோனாரு, கோப்பையைக் கண்ணுல பார்க்கல. 1947-ல பிட்ஸ்பர்க் ஹார்னெட்ஸை ஏழு மேட்ச் வரைக்கும் இழுத்து ஜெயிச்சதுதான் முதல் கோப்பை. அப்புறம் 1956-ல ஃபிராங்க் மேதர்ஸ் ஆட்டக்காரராவும் கோச்சாவும் வந்தாரு, 1958, 1959 ரெண்டு வருஷமும் அடுத்தடுத்து கோப்பை. 2024 வரைக்கும் எண்ணிக்கை 13. அதெல்லாம் இன்னொரு கடிதம்.

கோப்பையை விட எனக்குப் பெருசா தெரியுறது வேற. 1938-ல அந்த லீக்ல இருந்த எட்டு ஊர்ல ஒரு வருஷம் கூட விட்டுப்போகாம இன்னிக்கு வரைக்கும் ஆடுறது ஹெர்ஷி ஒண்ணுதான். கிளீவ்லேண்ட், பிட்ஸ்பர்க் மாதிரி பெரிய ஊருங்களுக்கே நடுவுல விட்டுப்போச்சு. எப்படின்னு கேட்டா, மைனர் லீக் டீமுக்கு வழக்கமா சாவு வர்றது மைதானத்துக்கு வாடகை கட்ட முடியாமலோ, ஓனர் சலிச்சுப்போய் வேற ஊருக்கு வித்தோதான். இங்க மைதானமும் டீமும் ஒரே கை. ஹெர்ஷி தன் சொத்துல பெரும்பகுதியை 1918-லயே அந்த அநாதைப் பசங்க ஸ்கூலுக்காக டிரஸ்ட்டுக்கு எழுதி வெச்சுட்டாரு, டீமை நடத்துற கம்பெனியும் இன்னிக்கு அந்த டிரஸ்ட் கைலதான். அதாவது இந்த டீமோட ஓனர் யாருன்னு தோண்டிக்கிட்டே போனா கடைசில ஒரு ஸ்கூல்ல போய் நிக்கும். ஆட்டக்காரங்களை என்.எச்.எல் டீம் அனுப்பும், கூப்பிட்டுக்கும், ஆனா டீம் ஊரோடது. கம்பெனி பேர் ஒட்டின டீம்தான் இவ்வளவு நாள் தாங்கியிருக்குங்கறதை உங்க கட்டுரையாளர் கொஞ்சம் யோசிக்கணும்.

2002-ல இருந்து பியர்ஸ் ஆடுறது பக்கத்துலயே கட்டின ஜெயன்ட் சென்டர்ல. அங்க சீட்டும் வசதி, ஸ்கிரீனும் பெருசு, ஆனா அந்தப் படகுக் கூரை இல்ல.

கடைசியா அந்தப் பெட்டிச் செய்தி. 1962 மார்ச் 2-ம் தேதி சேம்பர்லின் 100 பாயின்ட் எடுத்தது ஃபிலடெல்ஃபியாவுல இல்ல. அவர் ஆடின டீம்தான் ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ், எதிர்ல நியூயார்க் நிக்ஸ். வெளியூர்லயும் ரசிகர் கூட்டம் சேர்க்கணும்னு சில ஹோம் மேட்ச்சை வெளிய கொண்டுபோய் ஆடுவாங்க, அப்படி வந்தது ஹெர்ஷிக்கு, நான் சொன்ன அதே மூணரை இஞ்ச் கூரைக்கு அடில, பியர்ஸோட அரீனாவுல. வந்திருந்தது 4,124 பேர், டிவி கேமரா கூட இல்ல. அடுத்த ஞாயிறு ஒரு சின்ன திருத்தம் போட்டுடுங்க, ஊர் பேரை ஹெர்ஷின்னு. எழுத்துப்பிழை இல்லாம வரணும், நியூயார்க்காரங்க ஏற்கனவே ஒரு எழுத்தை மாத்திட்டாங்க.

இப்படிக்கு,
உங்க நாள்பட்ட வாசகர்,
பென்சில்வேனியா