அமாண்டா, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்

அன்புள்ள அமாண்டா அனிசிமோவாவுக்கு,

உனக்கு என் மகள் வயது. அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

2026 ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸ் தொடங்க இன்னும் சில நாட்களே இருக்கின்றன. இந்தியாவில் அதிகாலை ஐந்தரை மணிக்கே ஆட்டங்கள் ஆரம்பித்துவிடும். எங்களைப் போன்றவர்கள் காபியோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். போன வருடம் இதே மெல்போர்னில் நீ இரண்டாவது சுற்றில் எம்மா ராடுகானுவிடம் தோற்றபோது அது பெரிய செய்தியாகவே இல்லை. தரவரிசையில் முப்பதுக்கு வெளியே இருந்தாய். இந்த வருடம் உலகின் முதல் ஐந்து பேரில் ஒருத்தியாக வருகிறாய். விம்பிள்டன், யு.எஸ். ஓப்பன் என்று அடுத்தடுத்து இரண்டு கிராண்ட் ஸ்லாம் இறுதிப் போட்டிகள் ஆடி, இரண்டிலும் தோற்றுவிட்டு வருகிறாய். ஆகவே, யார் வாயைத் திறந்தாலும் உன்னைப் பற்றி வருவது ‘இந்த முறையாவது’ என்ற பேச்சுதான்.

அந்தப் பேச்சை நீ சமாளித்துவிடுவாய். நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. 2025 செப்டம்பர் 6 அன்று ஆர்தர் ஆஷ் அரங்கில், யு.எஸ். ஓப்பன் இறுதிப் போட்டியில் அரீனா சபலென்காவிடம் 6-3, 7-6 என்று தோற்றுவிட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுகையை அடக்கியபடி நீ சொன்னாயே: இன்று என் கனவுகளுக்காக நான் போதிய அளவு போராடவில்லை என்று. நாலு மாதமாக அந்த வாக்கியம் எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அது உண்மை இல்லை, அமாண்டா. அதைச் சுமந்துகொண்டு நீ மெல்போர்னில் இறங்கக் கூடாது.

அந்த இரண்டாவது செட்டை நினைத்துப் பார். முதல் செட் போய்விட்டது. 5-4 என்ற நிலையில் பட்டத்துக்காக சர்வ் செய்கிறார் சபலென்கா. கேமில் 30-30. தலைக்கு மேல் வந்த ஓர் எளிதான ஸ்மாஷை அவர் தவறவிடுகிறார். எதிராளி தவறவிட்ட ஒரு பாயின்ட்டால் மட்டும் கேம் வந்துவிடாது. அடுத்த பாயின்ட்டை நீ எடுத்தாக வேண்டும், எடுத்தாய். உலகின் முதல் நிலை வீராங்கனையின் சர்வீஸை, அவர் கோப்பையைத் தொடப்போன நேரத்தில் முறியடித்து, செட்டை, 6-6 ஆனால் ஆடும் தீர்மான கேமான டை பிரேக் வரை இழுத்துப் போனாய். அந்த வருடம் முழுவதும் டை பிரேக்கில் சபலென்கா எப்படி ஆடினார் என்று டென்னிஸ் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அவர் அதில் ஜெயித்ததற்கு நீ போராடாதது காரணம் ஆகாது. எதிரில் நின்றவர் அன்று உன்னைவிட நன்றாக ஆடினார். தோற்றவருக்கு இப்படிச் சொல்லிக்கொள்ள உரிமை உண்டு. ஏனோ நீ அந்த உரிமையை எடுத்துக்கொள்வதே இல்லை.

விம்பிள்டனிலும் இதையேதான் செய்தாய். அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கடிதத்தை எழுத முடியாது, பொறுத்துக்கொள். ஜூலை 12, சென்டர் கோர்ட், இகா ஸ்வியாடெக். 6-0, 6-0. 57 நிமிடங்கள். விம்பிள்டன் மகளிர் இறுதிப் போட்டியில் ஒருவர் ஒரு கேம்கூட எடுக்காமல் தோற்றது அதற்கு முன் 1911இல்தான். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் இந்தக் கணக்கு வந்தது. வராத கணக்கு ஒன்று உண்டு. அதே விம்பிள்டனில், முதல் சுற்றில், யூலியா புடின்ட்சேவாவை 6-0, 6-0 என்று ஜெயித்தவளும் நீதான். அரையிறுதியில் சபலென்காவை மூன்று செட்டில் வீழ்த்தியவளும் நீதான். அதே கை, அதே ராக்கெட், அதே புல்தரை, இரண்டே வாரம்.

படபடப்பு ஓர் ஆட்டக்காரரை என்ன செய்யும் என்று டென்னிஸ் ஆடாதவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். முதலில் போவது சர்வ். மற்ற எல்லா அடியும் எதிரில் வரும் பந்துக்குப் பதில். யோசிக்க நேரம் இருக்காது, பழகிய உடம்பு தானாக அடித்துவிடும். சர்வ் மட்டும்தான் நம் கையிலிருந்தே தொடங்குகிறது. பந்தை மேலே எறிகிற அந்த ஒரு நொடியில் மனத்தில் என்ன ஓடுகிறதோ அது விரலுக்கு வந்துவிடும். எறிதல் ஒரு சாண் தள்ளிப் போகும், தோள் இறுகும், இரண்டு சர்வும் தவறி டபுள் ஃபால்ட். பிறகு கால்கள் நகர மறுக்கும். கால் நகராதபோது உன் பேக்ஹேண்ட் மாதிரி உலகத்தரமான அடியும் வலையில் போய் விழும். இதில் இன்னொரு கொடுமை, டென்னிஸில் ஒளிய இடமே கிடையாது. கிரிக்கெட்டில் டக் அவுட் ஆனால் பெவிலியனுக்குப் போய்விடலாம். கால்பந்தில் மாற்று ஆளை இறக்குவார்கள். இங்கே கடைசி பாயின்ட் வரைக்கும் நீயேதான் நிற்க வேண்டும், பதினைந்தாயிரம் பேர் பரிதாபப்பட்டுக் கை தட்டுவதைக் கேட்டுக்கொண்டு.

அதற்குப் பிறகு வந்த ஆலோசனைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. மறந்துவிடு, அடுத்ததைப் பார். விளையாட்டு உலகமே இதைத்தான் வேதம் மாதிரி சொல்கிறது. நீ அதைக் கேட்காததுதான் எனக்கு உன்மேல் இவ்வளவு மரியாதை வரக் காரணம். யு.எஸ். ஓப்பன் காலிறுதியில் மறுபடியும் ஸ்வியாடெக். ஆட்டத்துக்கு முந்தைய இரவு, அந்த 57 நிமிடத்தைப் போட்டுப் பார்த்ததாகப் பிறகு நீயே சொன்னாய். வலித்தது என்றும் சொன்னாய். எதைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தாயாம். உலகமே பார்த்துவிட்ட தோல்வியைத் தனியாக உட்கார்ந்து இன்னொரு தரம் பார்க்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! மறுநாள் முதல் கேமிலேயே உன் சர்வீஸ் போனபோது எங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது. நீ உடனே திருப்பி முறியடித்தாய். 6-4, 6-3. விம்பிள்டன் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிறகு நவம்பரில் ரியாத்தில் நடந்த, வருடத்தின் முதல் எட்டுப் பேர் மட்டும் ஆடும் டபிள்யூ.டி.ஏ. ஃபைனல்ஸிலும், முதல் செட்டை விட்டுவிட்டு அதே ஸ்வியாடெக்கை ஜெயித்தாய்.

உணர்ச்சியைக் கட்டுப்படுத்துவது என்று வர்ணனையாளர்கள் சொல்லும்போதெல்லாம் முகத்தில் எதையும் காட்டாத ஆட்டக்காரர்களைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். நீ அப்படி இல்லை. கோர்ட்டில் உன் முகத்தைப் பார்த்தே ஸ்கோரைச் சொல்லிவிடலாம். யு.எஸ். ஓப்பனில் நவோமி ஒசாகாவுக்கு எதிரான அந்த அரையிறுதியில் முதல் செட்டை டை பிரேக்கில் இழந்தபோது உன் பயிற்சியாளர் குழு உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துப் புலம்பினாய், தலையை ஆட்டினாய், பிறகு மீதி இரண்டு செட்டையும் எடுத்தாய். நியூயார்க்கில் நள்ளிரவு தாண்டியும் ஆடிக்கொண்டிருந்தீர்கள். புலம்பல் ஒரு பக்கம், கால் ஓட்டம் ஒரு பக்கம். இதில் மாற்ற எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த அரையிறுதியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலைக்கு இரு பக்கமும் நின்ற இரண்டு பேருமே, மனசு சரியில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி ஆட்டத்தை விட்டு விலகியவர்கள். 2021 ஃபிரெஞ்சு ஓப்பனில் பத்திரிகையாளர் சந்திப்புக்குப் போகாததற்காக நவோமி ஒசாகாவுக்கு 15,000 டாலர் அபராதம் போட்டார்கள். அவர் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார். 2023 மே மாதம் நீ, டென்னிஸ் போட்டிகளில் இருப்பதே தாங்க முடியாததாகிவிட்டது என்று எழுதி ராக்கெட்டைக் கீழே வைத்தாய். படம் வரைந்தாய். படிப்பில் சேர்ந்தாய். இவ்வளவு நாள் விலகி இருந்தால் மறுபடி உச்சிக்கு வரவே முடியாது என்று பலர் சொன்னார்களாம். திரும்பி வந்த 2024 ஜனவரியில் உன் தரவரிசை நானூறுக்கும் கீழே. அப்படி வந்து மெல்போர்னில் நான்காவது சுற்று வரை போனாய். அதே வருடம் விம்பிள்டன் தகுதிச் சுற்றில் தோற்றாய். அடுத்த வருடம் அதே விம்பிள்டனில் இறுதிப் போட்டி. இடையில் தோஹாவில் பட்டம், பிறகு பெய்ஜிங்கில் பட்டம். அந்த எட்டு மாதத்தை உன் வாழ்க்கையில் விட்டுப்போன பக்கம் மாதிரி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்று நீ ஆடும் ஆட்டம் அங்கேதான் உருவானது என்று நான் நினைக்கிறேன். வெறுத்துக்கொண்டே தொடர்ந்து ஆடியிருந்தால் இருபத்து நான்கு வயதில் உன்னிடம் இந்தப் பசி இருந்திருக்காது.

எதிர்பார்ப்பு என்பது வெறும் பேச்சாக இருந்தால்கூடப் பரவாயில்லை. டென்னிஸில் அதற்குக் கணக்குப் புத்தகமே இருக்கிறது. போன வருடம் வாங்கிய புள்ளிகள் இந்த வருடம் அதே போட்டியின்போது கழிந்துவிடும், மறுபடி சம்பாதிக்க வேண்டும். அந்தக் கணக்கில் மெல்போர்ன் உனக்குச் சாதகம். இரண்டாம் சுற்றோடு வெளியேறியதால் கழியப்போவது வெறும் 70 புள்ளிகள். ஜூலையில் விம்பிள்டன் வரும்போது 1,300. உன்னைத் துரத்தப்போகும் கேள்விகளும் அதே விகிதத்தில் வரும். ஆகவே இந்த ஜனவரியை அனுபவித்து ஆடு. பதினேழு வயதில் நீ முதன்முதலாக ஒரு கிராண்ட் ஸ்லாமில் நான்காவது சுற்றைப் பார்த்ததும் இதே மெல்போர்னில்தான். அங்கே உனக்கு இழக்க எதுவும் இல்லை.

தரவரிசையும் பத்திரிகைகளும் எங்களைப் போன்ற ரசிகர்களும் உன்னிடம் எதிர்பார்ப்பதை எல்லாம் எப்படியோ நீ கையாளக் கற்றுவிட்டாய். நீ உன்னிடம் எதிர்பார்ப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கனவு என்று நீ சொன்னபோது எனக்கு உன் அப்பாதான் நினைவுக்கு வந்தார். 2019இல் பாரிஸில், ஃபிரெஞ்சு ஓப்பனில், நடப்புச் சாம்பியன் ஹாலெப்பை வீழ்த்தி, பதினேழு வயதில் அரையிறுதிக்கு வந்தாய். சின்ன வயதிலிருந்து உனக்குப் பயிற்சி கொடுத்த கான்ஸ்டான்டின் அதைப் பார்த்தார். இரண்டு மாதம் கழித்து, யு.எஸ். ஓப்பனுக்குச் சில நாள் முன்பு அவர் திடீரென்று இறந்துபோனார். நீ அந்தப் போட்டியில் ஆடவில்லை. அதற்குப் பிறகு நீ எடுத்துவைத்த ஒவ்வொரு அடியும் அந்தக் கனவுக்காகத்தான் என்று தூரத்திலிருந்து பார்க்கும் எனக்கே தெரிகிறது. நான் நினைப்பது தவறாக இருந்தால் பொறுத்துக்கொள். ஆனால், மகள் கனவுக்காகப் போராடவில்லை என்று, அவளை வளர்த்த எந்தத் தகப்பனும் சொல்ல மாட்டார்.

அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. உன் ஆட்டத்தைப் பார்க்க ஓல்கா விமானம் ஏறி வந்தால் ராசி இல்லை என்று உங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்ததாம். விம்பிள்டன் இறுதிக்கு அதை மீறி வந்தார். வந்த அன்று 6-0, 6-0. நம் ஊரில் மேட்ச் பார்க்கும்போது விக்கெட் விழுந்துவிடும் என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வீடுகளில் அந்த அம்மாவுக்கு என்ன பேச்சு கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ கோப்பை இல்லாமல் நின்ற அந்த நிலையில், கண்ணீரோடு, நான் தோற்றதற்கு நீ வந்தது காரணம் இல்லை அம்மா என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னாய். அவ்வளவு பெரிய நியாயத்தை அவருக்கு வழங்க உன்னால் முடிந்தது. உனக்கு நீ அதில் பாதி வழங்கினால் போதும்.

மெல்போர்னுக்கு அம்மாவையும் வரச் சொல். முதல் சுற்றிலிருந்தே வரட்டும். ஒருவேளை நீ தோற்க நேர்ந்தால் எதிரில் ஆடியவரைப் பாராட்டு, வெயிலைத் திட்டு, அழ வேண்டும் போலிருந்தால் அழு. மைக்கில் அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லாதே. ஆட்ட அட்டவணை வந்ததும் எந்த நேரமானாலும் அலாரம் வைத்து எழுந்துவிடுவேன்.

அன்புடன்,
உன் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு ரசிகை